களம் கண்டவர்களும் அவர்தம் இல்லங்களும்: கிழக்கிற்கு வேண்டிய குடும்ப உளவளத்துணை

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. கிழக்கு மாகாணத்திலோ அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னரே, 2007 ஜூலையில் குடும்பிமலைப் பிரதேசம் அரச படையினர் வசமானதோடு, பெருஞ்சமர்கள் ஓய்ந்துவிட்டன. போரினாலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலையினாலும் சிதைந்து கிடந்த பாசிக்குடாக் கரையில் 2011ஆம் ஆண்டளவிலிருந்து உல்லாச ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இன்று அக்கரைக்கு வரும் பயணி ஒருவர், இங்கு ஒரு காலத்தில் போர் நடந்தது என்பதை அறியாமலேயே திரும்பிச் செல்லக் கூடும்.

எனினும், கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே சென்றால் நிலைமை வேறு. கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான், வாகரை ஆகிய ஊர்களில், ஒரு காலத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் இன்று கணவர்களாகவும் தந்தையராகவும், சில இல்லங்களில் மனைவியராகவும் தாய்மாராகவும் வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய உடற்காயங்களைப் பற்றி ஓரளவு பேசப்பட்டுள்ளது. வாழ்வாதார உதவிகள் பற்றியும் பேசப்பட்டுள்ளது. ஆனால் அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் வாழ்க்கைத் துணையின் நிலை குறித்து நாம் போதிய கவனம் செலுத்தவில்லை. போரின் உளக்காயத்தைச் சுமப்பவர் களம் கண்டவர் ஒருவர் மட்டுமல்லர். அது அந்த இல்லம் முழுவதும் சுமக்கும் சுமையாகும். ஆகவே சிகிச்சையும் இல்லத்தை நோக்கியே அமைய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று பெயர்கள், ஒரே காயம்

படைவீரர் என்றதும் மேலைநாடுகளில் ஒரே வகையினரே நினைவுக்கு வருவர். மட்டக்களப்பு மாவட்டத்தில் அவ்வாறு கூறுவதற்கில்லை. இங்கு களம் கண்டவர்கள் குறைந்தபட்சம் மூன்று வகையினராவர்.

முதலாவது வகையினர் முன்னாள் போராளிகள். 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் ஏற்பட்ட பிளவையும், அடுத்த மாதம் வெருகலில் இடம்பெற்ற மோதலையும் தொடர்ந்து, கிழக்கைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பினர். அவர்களுள் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர் சிறுமியரும் இருந்தனர். 2009இல் போர் முடிந்தபோது நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டனர். இவர்களைத் தவிர வேறு இயக்கங்களில் இருந்தவர்களும் உள்ளனர். 1990ஆம் ஆண்டுக்கு முன்னர் தமிழ் இயக்கங்களில் முஸ்லிம் இளைஞர்களும் இணைந்திருந்தனர் என்பதை இன்றைய தலைமுறை மறந்துவிட்டது.

இரண்டாவது வகையினர் ஊர்காவற் படையினர். 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின்னர், முஸ்லிம் கிராமங்களில் இப்படையில் சேர்ந்தோர் பலர். போதிய பயிற்சியின்றி, ஒரு துப்பாக்கியுடன் தமது ஊரின் எல்லையில் இரவிரவாகக் காவல் நின்றவர்கள் இவர்கள். 2006ஆம் ஆண்டில் இப்படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டது.

மூன்றாவது வகையினர் முப்படையினரும் பொலிஸாரும் ஆவர். இவர்களுள் பெரும்பாலோர் தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்து கிழக்கிலே பணிபுரிந்து திரும்பியவர்கள்.

இம்மூன்று வகையினருக்கும் அரசு வழங்கியுள்ள பெயர்கள் வேறு. படைவீரர் 'ரணவிரு' எனப் போற்றப்படுகிறார். அவர்தம் குடும்பங்களின் நலன் பேண 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. முன்னாள் போராளியோ 'புனர்வாழ்வளிக்கப்பட்டவர்' என்னும் பெயரைச் சுமக்கிறார். ஊர்காவலரை ஊருக்கு வெளியே எவரும் நினைப்பதில்லை. பெயர்கள் மூன்றாயினும், நள்ளிரவில் அலறி விழித்தெழும் கணவனுக்கு அருகே நடுங்கியபடி அமர்ந்திருக்கும் மனைவியின் நிலை மூன்று இல்லங்களிலும் ஒன்றேயாகும்.

நோய் இல்லத்திற்குள் வரும் விதம்

முதலாம் உலகப் போரின்போது, 1915இல், பிரித்தானிய மருத்துவர் சார்ள்ஸ் மையர்ஸ் 'குண்டதிர்ச்சி' என்னும் பெயரால் இந்நிலையை மருத்துவ ஏட்டில் விவரித்தார். வியட்நாம் போருக்குப் பின்னர், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனைத் தனியொரு நோயாக ஏற்றுக்கொண்டது. நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் என இதனை நாம் தமிழில் வழங்குகிறோம். இதன் அறிகுறிகளை மருத்துவ நூல்கள் நான்கு தொகுதிகளாக வகுக்கின்றன. அவை இல்லத்திற்குள் எவ்வாறு தோன்றும் என்பதை நோக்குவது பயனுடையது.

முதலாவது, நடந்தது மீண்டும் மீண்டும் நினைவில் எழுதல். கொடுங்கனவு கண்டு விழிப்பவர், அருகில் படுத்திருப்பவரை எதிரியென எண்ணித் தாக்கவும் கூடும். இரண்டாவது, தவிர்த்தல். திருவிழா, கந்தூரி, கல்யாண வீடு என எங்கும் வர மறுப்பார். காரணம் கேட்கும் உறவினருக்கு மனைவியே சாக்குச் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது, உணர்ச்சிகள் மரத்துப் போதலும், தன்னையும் உலகையும் பற்றிய கசந்த எண்ணங்களும். பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தாலும் அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றாது. தம்மை அவர் வெறுக்கிறார் என்றே மனைவியும் பிள்ளைகளும் எண்ணிக்கொள்வர். நான்காவது, ஓயாத விழிப்பும் சினமும். ஹோட்டல்களில் புத்தாண்டு இரவில் வெடிக்கும் வாணவேடிக்கை, தாழப் பறக்கும் ஹெலிகொப்டர், படலையை எவரோ தட்டும் ஓசை ஆகிய ஏதேனும் ஒன்று போதும், அன்றைய நாள் முழுவதும் அவ்வீட்டில் அமைதி குலைந்துவிடும்.

இந்நிலையில் மனைவி தன்னையறியாமலே ஒரு காவலாளியாகி விடுகிறார். பிள்ளைகளைச் சத்தமிட வேண்டாம் என அடக்குகிறார். கணவனுக்கு எரிச்சலூட்டும் எதனையும் முன்கூட்டியே அகற்றி வைக்கிறார். நாளடைவில் அவருக்கும் உறக்கம் குறைகிறது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடல் உளைவு எனக் கூறி அவர் வைத்தியசாலைக்குச் செல்கிறார். அங்கு வலிநிவாரணி மாத்திரைகள் கிடைக்கின்றன. வீட்டில் என்ன நடக்கிறது என எவரும் கேட்பதில்லை. அத்துடன், அவரும் இதே போரினூடாக வந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. இடம்பெயர்வு, தந்தை அல்லது சகோதரனின் இழப்பு, காணாமற்போனோர் குறித்த முடிவில்லாக் காத்திருப்பு என்பன அவருடைய மனத்திலும் உண்டு.

களம் கண்டோர் யாவரும் நோயாளிகள் எனக் கூறுவது தவறாகும். இலங்கைக் கடற்படையினரிடையே நடத்தப்பட்டு 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்நோய் உடையோர் நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே இருந்ததாகக் கண்டது. ஒழுங்கும் தோழமையும் மாதச் சம்பளமும் உள்ள சேவையிலிருப்போரின் நிலை அது. அமைப்பும் வருமானமும் மதிப்பும் ஒருங்கே பறிபோன நிலையில் வீடு திரும்பியவருக்கு அதே அளவுகோல் பொருந்தும் என எதிர்பார்க்க முடியாது. மேலும், நோயென மருத்துவர் பெயரிடும் அளவுக்கு வராத துயரும் ஓர் இல்லத்தைக் குலைக்கப் போதுமானதே.

மட்டக்களப்பின் வீடு

குடும்ப உளவளத்துணை என்பது மேலைநாட்டிலிருந்து அப்படியே பெயர்த்து நடக்கூடிய ஒன்றன்று. மட்டக்களப்பின் குடும்ப அமைப்புக்குத் தனித்தன்மை உண்டு. இங்கு தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பேணி வந்துள்ளனர். கோயில்களில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல்களில் மரைக்காயர்மாரும் குடி வழியாகத் தெரிவு செய்யப்பட்ட மரபு இரு சமூகங்களுக்கும் பொதுவானது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பல்லாண்டுக் கள ஆய்வின் பின் 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். திருமணத்தின்போது பெண்ணுக்கு வீடு சீதனமாக வழங்கப்படுகிறது. மாப்பிள்ளையே பெண் வீட்டிற்குக் குடிவருகிறார். மாமியும் மனைவியின் சகோதரிகளும் அதே வளவிலோ அடுத்த வளவிலோ வாழ்கின்றனர்.

இவ்வழக்கம் நம் விடயத்தில் இருமுனைக் கத்தி போன்றது. வீடு தன்னுடையது என்பதாலும் தாயும் சகோதரியரும் அருகில் இருப்பதாலும் பெண்ணுக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. கணவன் சினங்கொண்டு கை ஓங்கினால் கூப்பிடு தூரத்தில் ஆட்கள் உண்டு. மறுபுறம், ஒரு காலத்தில் பலருக்குக் கட்டளையிட்டவர் இன்று தொழிலின்றி, கால் இழந்தோ கண் இழந்தோ, மாமியின் வளவில் ஒதுங்கி வாழ நேரும்போது, அவருடைய தாழ்வுணர்ச்சி பன்மடங்காகிறது. குடியும் கோபமும் அதன் வடிகால்களாகின்றன. போரும் ஆழிப்பேரலையும் வீடுகளை அழித்த இடங்களில், மகளுக்குக் கொடுக்க வீடு இல்லையே என்னும் கவலையும், நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணையும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே இங்கு குடும்ப உளவளத்துணை என்றால் கணவன் மனைவி இருவரை மட்டும் ஓர் அறையில் அமர்த்திப் பேசுவதாக அமைய முடியாது. மாமியாரின் மனத்தாங்கலும், அடுத்த வளவுச் சகோதரியின் ஆதரவும் கணக்கில் எடுக்கப்படல் வேண்டும்.

போராளியாக இருந்த மனைவி

இதுவரை கணவனே களம் கண்டவர் என்னும் எண்ணத்தில் பேசினோம். கிழக்கில் பெண் போராளிகளின் தொகையும் கணிசமானது. 2004இல் வீடு திரும்பிய சிறுமியர் பலரைப் பெற்றோர் அவசர அவசரமாகத் திருமணம் செய்து கொடுத்தனர். மீண்டும் சேர்க்கப்பட்டுவிடுவரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். வடக்கில், 2010 ஜூன் மாதத்தில் வவுனியாவில், புனர்வாழ்வு பெற்றுவந்த 53 இணையருக்கு ஒரே நாளில் திருமணம் நடத்தி வைக்கப்பட்டது. மணம் முடித்து வைப்பதில் காட்டப்பட்ட அக்கறை, மணவாழ்வு தொடர உதவுவதில் எந்த அளவுக்குக் காட்டப்பட்டது என நாம் கேட்க வேண்டியுள்ளது.

தம் கடந்த காலத்தைக் கணவன் வீட்டாரிடமிருந்து மறைத்து வாழும் பெண்ணின் நிலை மிகக் கடினமானது. உடலிலுள்ள வடுவுக்கு விபத்து எனக் காரணம் கூறுகிறார். ஆயுதம் ஏந்திய ஆணைச் சமூகம் ஓரளவு மன்னிக்கிறது. பெண்ணின் ஒழுக்கத்தையே அது ஐயுறுகிறது. இத்தகைய பெண்ணுக்குத் தனிமையில், இரகசியம் காக்கும் ஒருவரிடம் பேசும் வாய்ப்பே முதலில் தேவைப்படுகிறது. கணவனிடம் கூறுவதா, எப்போது கூறுவது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும்.

இணையருக்கான சிகிச்சை

வியட்நாம் போரின் பின், 1979ஆம் ஆண்டு முதல், அமெரிக்கா தன் முன்னாள் படைவீரருக்கெனச் சமூக மட்டத்தில் உளவளத்துணை நிலையங்களை அமைத்தது. வைத்தியசாலைக்கு வர வெட்கப்பட்டவர்கள் அங்கு வந்தனர். காலப்போக்கில் அவர்களின் துணைவியரும் வந்தனர். தனியொருவருக்கு அளிக்கும் சிகிச்சை, வீட்டிலுள்ள பூசல் தீராதவிடத்துப் பலனளிப்பதில்லை என்பது அனுபவத்தில் உணரப்பட்டது.

இதன் தொடர்ச்சியாக, கன்டிஸ் மொன்சன் என்னும் உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இணையருக்கென ஒரு சிகிச்சை முறையை வகுத்தனர். 40 இணையரிடம் நடத்தப்பட்ட அதன் பரிசோதனை முடிவுகள் 2012இல் வெளியாயின. நோயின் அறிகுறிகள் குறைந்தன. இல்வாழ்வு பற்றிய மனநிறைவும் கூடியது. 15 அமர்வுகள் கொண்ட இம்முறை மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முதற் கட்டத்தில், இந்நோய் இன்னது, இது எவருடைய குற்றமும் அன்று என்பது இருவருக்கும் விளக்கப்படுகிறது. வீட்டில் பாதுகாப்பும் உறுதி செய்யப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில், இருவரும் ஒருவர் பேச மற்றவர் செவிமடுக்கப் பழகுகின்றனர். தவிர்த்துவந்த இடங்களுக்குச் சிறிது சிறிதாகச் சேர்ந்து செல்கின்றனர். மூன்றாம் கட்டத்தில், 'எவரையும் நம்பலாகாது', 'எல்லாம் என் பிழையே' என்பன போன்ற எண்ணங்களை இருவருமாகச் சேர்ந்து ஆராய்கின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகும். வீட்டில் கடும் வன்முறை நிகழுமாயின், இருவரையும் ஒன்றாக அமர்த்துவது ஆபத்தானது. அமர்வில் மனைவி கூறிய உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். முதலில் மனைவியைத் தனியே சந்தித்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றிலே பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதும், வைத்தியசாலைகளில் இயங்கும் 'நட்பு நிலையம்' பற்றியும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நோய் ஒரு விளக்கமே அன்றி, அடிப்பதற்கான அனுமதிப் பத்திரமன்று.

நம்மிடம் உள்ளவை

இத்துறையில் மட்டக்களப்பு வெறுங்கையுடன் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரைக் கடந்து குடும்பத்தையும் சமூகத்தையும் தாக்குகிறது எனத் தம் நூல்களில் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளார். மட்டக்களப்பில் உளமருத்துவ நிபுணர் மகேசன் கணேசன், 2000ஆம் ஆண்டளவிலிருந்து உளநல சேவையைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் பணிக்கு வழிகோலினார். ஆழிப்பேரலையின்போது அந்த அத்திவாரமே கைகொடுத்தது. அருட்தந்தை போல் சற்குணநாயகம் கனேடியக் கலைஞர் போல் ஹோகனுடன் இணைந்து 1996இல் தொடக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்களை ஒன்றாக விளையாட வைத்தது. சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வன்முறைக்குள்ளான பெண்களுக்குத் துணைநின்று வந்துள்ளது.

மக்களுக்கு அவர்களுடைய மரபு வழிகளும் உண்டு. 1990களில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்வோரிடம், காணாமற்போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் கேட்டு அழுததை மானிடவியலாளர் பட்ரிசியா லோறன்ஸ் பதிவு செய்துள்ளார். வெளியே பேச முடியாத காலத்தில் அழுவதற்கு அக்கோயில்கள் இடம் கொடுத்தன. முஸ்லிம் குடும்பங்களில் கணவன் மனைவிப் பிணக்கு ஏற்படின், இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை நியமித்துச் சமரசம் தேடும் மார்க்க நெறி உண்டு. இவற்றை அறியாமை என ஒதுக்குவது அறிவுடைமையாகாது. அதேவேளை, நோயாளியைக் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்கு அனுப்பும் தெளிவு பூசகருக்கும் மௌலவிக்கும் ஏற்படல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பெயர் பாராத சேவை வேண்டும். கோறளைப்பற்றின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளிலும், 'நீங்கள் எந்தப் படையில் இருந்தீர்கள்' எனக் கேளாமல், 'வீட்டில் உறக்கம் எப்படி' எனக் கேட்கும் உளவளத்துணையாளர் தேவை. தமிழ், முஸ்லிம் பெண்கள் தயக்கமின்றிப் பேசுவதற்குப் பெண் உளவளத்துணையாளர்கள் இன்றியமையாதவர்கள்.

இரண்டாவதாக, இரகசியம் காக்கப்பட வேண்டும். முன்னாள் போராளிகள் புலனாய்வுத் துறையினரின் விசாரணைகளுக்குப் பழகிப்போனவர்கள். குறிப்பேட்டுடன் வரும் எவரையும் அவர்கள் ஐயத்துடனேயே நோக்குவர். போர் முடிந்த ஆரம்ப ஆண்டுகளில் வடக்கில் உளசமூகப் பணிகளுக்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. உளவளத்துணைப் பதிவேடு எவ்வித பாதுகாப்புத் தரப்பிடமும் செல்லாது என்னும் உறுதி இல்லாவிடின், எந்தத் திட்டமும் ஏட்டளவிலேயே நிற்கும்.

மூன்றாவதாக, வீட்டுக்கு வீடு செல்லும் குடும்பநல மருத்துவிச்சிமாருக்கு இது குறித்த பயிற்சி வழங்கப்பட வேண்டும். கர்ப்பிணியையும் குழந்தையையும் பார்க்கச் செல்லும் அவர்களுக்கே அடுப்படி வரை அனுமதி உண்டு. மனைவியின் தீராத தலைவலிக்குப் பின்னால் உள்ளதை முதலில் அறியக்கூடியவரும் அவரே.

நான்காவதாக, துணைவியருக்கெனச் சிறு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். 2002 ஜூனில் வாழைச்சேனையில் மூண்ட தமிழ் முஸ்லிம் வன்செயலின் கசப்பு இன்னும் முற்றாக அகலவில்லை. எனவே தொடக்கத்தில் அவரவர் ஊரிலேயே கூடலாம். ஊர்காவலரின் மனைவியும் முன்னாள் போராளியின் மனைவியும் ஒரு நாள் ஒரே பாயில் அமர்ந்து பேசுவார்களாயின், எந்த மாநாடும் தராத நல்லிணக்கம் அங்கு பிறக்கும். பொலன்னறுவைப் பக்கத்துப் படைவீரரின் மனைவிக்கும் அதே பாயில் இடம் உண்டு.

ஐந்தாவதாக, தொழிலும் மதுவும் கடனும் உளநலத்திலிருந்து வேறானவை அல்ல என்பது உணரப்பட வேண்டும். உழைப்பற்றவருக்கு அறிவுரை மட்டும் மருந்தாகாது. பாசிக்குடாக் கரையின் வளர்ச்சி இவ்வில்லங்களையும் எட்டுவதாக அமைதல் வேண்டும்.

இவை நடைபெறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையையும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவையும் நாடலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். சாவைப் பற்றி ஒருவர் பேசத் தொடங்கிவிட்டால் அன்றே அதனைச் செய்தல் வேண்டும்.

போரில் எப்பக்கம் நியாயம் இருந்தது என்னும் வாதம் நெடுங்காலம் தொடரக்கூடும். அதன் முடிவுக்காக இவ்வில்லங்கள் காத்திருக்க இயலாது. 2004இல் சிறுவராக வீடு திரும்பியவர்கள் இன்று நாற்பது வயதை நெருங்குகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் பாடசாலை செல்கின்றனர். தந்தையின் முகம் பார்த்துப் பேச அஞ்சும் பிள்ளைக்கு, அந்தப் போர் தான் பிறக்குமுன்னரே முடிந்துவிட்டது என நாம் கூறுவதில் பொருளில்லை. அதனை அந்த வீட்டிலும் முடித்துவைப்பது அரசினதும் சமயத் தலைவர்களினதும் நம் யாவரினதும் கடமையாகும்.